கூட்டத்துக்குள் இருந்துகொண்டே தனியாக யோசிக்க முடியுமா?

நடுப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு கொள்கைக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். எந்தக் கொள்கை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இழை அந்தப் பக்கம் ஓடிவிடும். குழுவின் நிலைப்பாடுகளில் பெரும்பாலானவற்றை மனதார ஏற்கிறேன். ஒன்று மட்டும் தவறு என்று நினைக்கிறேன். சின்ன விஷயமல்ல, குழு தன் அடையாளமாகவே நினைக்கும் விஷயம். அதைப் பற்றிப் பேச்சு வரும்போது பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்: "சுயமாக யோசிக்கத் தெரிந்தவனுக்குக் குழு எதற்கு? வெளியே வா." இந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படி வெளியேறிய பலரைப் பார்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் எதிர்முகாமின் வசனங்களை அதே வேகத்தில் ஒப்பிக்கிறார்கள். குழு மாறியிருக்கிறது, யோசிக்கும் விதம் மாறவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு குழுவில் உண்மையான ஈடுபாட்டோடு இருந்துகொண்டே அதன் முடிவுகளிலிருந்து விலகி யோசிப்பது நடைமுறையில் சாத்தியமா? "தைரியமாக இரு" என்கிற மாதிரி அறிவுரை வேண்டாம். அது ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டது.

எதிர்க்காற்று

சாத்தியமில்லை. 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று வள்ளுவர் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். கூட்டத்தில் நிற்பவன் யார் வாயில் கேட்டோம் என்பதைத்தான் பார்ப்பான், மெய்ப்பொருளைப் பார்க்கமாட்டான்.

சந்தேகம் இருந்தால் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையைப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தையே முக்கால்வாசிப் பேர் கூட்டத்துக்காக மாற்றிச் சொன்னார்கள். கோட்டுக்கே இந்தக் கதி என்றால் கொள்கைக்கு என்ன ஆகும்? வெளியே வாருங்கள். விவாதம் முடிந்தது.

தராசுமுள்

விவாதம் முடிந்தது என்று முதல் பதிலிலேயே அறிவிப்பவரைச் சுயசிந்தனையாளர் பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன் :)

அப்புறம், அந்தக் குறள் இருக்கும் அறிவுடைமை அதிகாரத்திலேயே மூன்று குறள் தள்ளி 'எவ்வது உறைவது உலகம்' வருகிறது. உலகம் எப்படி நடக்கிறதோ அதோடு ஒட்டி நடப்பதும் அறிவுதான் என்கிறார். 423ஐ எடுத்துக்கொண்டு 426ஐ விட்டுவிட்டால் எப்படி? இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தவருக்கு நடுப்பக்கத்தின் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பழைய_மாணவி

உளவியல் படித்தவள் என்பதால் ஆஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்தச் சோதனையைப் பாதிதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் நடந்தது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். ஒரு கோட்டைக் காட்டி, இன்னொரு அட்டையில் உள்ள மூன்றில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். 18 சுற்றுகளில் 12இல் ஆஷின் ஆட்கள் ஒருமித்து ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். நம் ஆளுக்குக் கிட்டத்தட்ட கடைசியில்தான் முறை வரும்.

சுமார் 75 சதவீதம் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு போனார்கள் என்பது சரி. ஆனால் அந்த 12 சுற்றுகளில் வந்த பதில்களை மொத்தமாக எண்ணினால், கூட்டத்தோடு போனவை சுமார் 37 சதவீதம். மிச்சம் அறுபத்துச் சொச்சம் சதவீதப் பதில்கள் சுயமானவை. நாலில் ஒருவர் ஒரு தடவைகூட வளையவில்லை. ஆஷுக்கே வளைந்தவர்களைப் போல வளையாதவர்களிடமும் ஆர்வம் இருந்தது. பாடப்புத்தகங்களில் அந்தப் பாதி காணாமல் போய்விட்டது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஆஷ் சோதனையைக் கொஞ்சம் மாற்றினார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதில் சொல்ல வைத்தார். மற்றவர்கள் பழையபடி தவறாகத்தான் சொன்னார்கள். கூட்டத்தோடு போகும் பதில்கள் 5 சதவீதம் அளவுக்கு விழுந்தன. எதிரில் எத்தனை பேர் என்பது மூன்று நாலு பேருக்கு மேல் பெரிய வித்தியாசம் தரவில்லை. தனியாக இருக்கிறோமா, கூட ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அந்தத் துணையாள் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1971இல் ஆலன், லெவின் என்ற இருவர் இதேபோன்ற சோதனையில் தடித்த கண்ணாடி போட்டு, பார்வை மோசமானவர் என்று தோன்றும் ஒருவரைத் துணைக்கு வைத்தார்கள். அவர் பேச்சை யாரும் நம்பப்போவதில்லை. அப்போதும் வளைவது குறைந்தது. ஒருமித்த குரல் உடைந்தாலே போதும் என்று தெரிகிறது.

நடுப்பக்கம், உங்கள் குழுவில் அந்த ஒரு நிலைப்பாட்டைப் பற்றி உங்களைப் போலவே நினைப்பவர் வேறு யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரியுமா? அல்லது அவரும் உங்களைப் போலவே பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரா?

நடுப்பக்கம்

தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் நான் எந்தப் பக்கம் என்று வெளியே வந்துவிடும்.

காரணம்கேள்

இந்த இழையில் ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். குழுவோடு ஒட்டி யோசிப்பது முட்டாள்தனம் என்று முன்முடிவோடு பேசுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏதோ ஒரு பெரிய பொதுப் பிரச்சினையில் நான் தனி ஆளாகத் தவறாக நம்புகிறேன் என்று வையுங்கள். அதனால் உலகத்துக்கு ஒன்றும் ஆகாது. என் ஒரு கருத்தால் எதுவும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஆனால் என் நண்பர்கள், உறவுகள், கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் இருக்கும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் போனால் நாளைக்கே நஷ்டம். அழைப்புகள் குறையும், உதவிகள் குறையும். ஆக, உண்மையைவிட உறவைக் காப்பாற்றும் கருத்தை வைத்துக்கொள்வது தனிமனிதனுக்குப் புத்திசாலித்தனம். எல்லோரும் அப்படிச் செய்தால் மொத்தமாக நாசம், அது வேறு கதை.

டான் கஹான் என்ற சட்டப் பேராசிரியரின் ஆய்வுகள் இதைப் பற்றியவை. ஒன்று மிக எளிமையானது. ஒரே மாதிரி எண்கள் கொண்ட அட்டவணையைச் சிலரிடம் தோல் மருந்து பற்றியது என்று கொடுத்தார்கள். சிலரிடம் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியது என்று கொடுத்தார்கள். மருந்து என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் நன்றாகச் செய்தார்கள். துப்பாக்கி என்றவுடன் கட்சிவாரியாகப் பிரிந்தார்கள். அப்படிப் பிரிந்ததில் அதிக இடைவெளி இருந்தது கணக்கில் கெட்டிக்காரர்களிடம்தான். கூடுதல் மூளையைத் தங்கள் பக்கத்தைக் காப்பாற்றச் செலவழித்திருக்கிறார்கள்.

அதனால் "நிறையப் படி, சுயமாக யோசிக்க வந்துவிடும்" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிறையப் படித்தால் நிறையச் சாக்குச் சொல்ல வரும். நான் உட்பட.

எதிர்க்காற்று

சரி, ஆஷ் விஷயத்தில் பாதிதான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரலாற்றைப் பாருங்கள். மாற்றிக் காட்டியவர்கள் எல்லோரும் தனியாக நின்றவர்கள்தான். 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் தத்துவவாதி ஸ்பினோசாவை விலக்கி வைத்தபோது அவருக்கு வயது 23. யாரும் அவரோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது, நான்கு முழ தூரத்துக்குள் நெருங்கக் கூடாது. கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார். 1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியோடு அழைத்தபோதும் போகவில்லை. சுதந்திரத்துக்கு எல்லை எங்கே என்று தெரியாத இடத்துக்கு வரமாட்டேன் என்றார். இவருக்கு எந்தத் துணையாள் இருந்தார்?

தராசுமுள்

நல்லவேளை ஸ்பினோசாவைக் கொண்டுவந்தீர்கள். அவருக்கு ஒரு வட்டமே இருந்தது. யாரிக் யெல்லஸ், சிமோன் த விரீஸ், லோடவெய்க் மெயர் என்று ஆம்ஸ்டர்டாமில் நண்பர்கள். அவர் எழுதி அனுப்பியதைக் கூடி உட்கார்ந்து படித்துவிட்டு, புரியாத இடங்களைக் கடிதத்தில் கேட்டார்கள். 1677இல் அவர் இறந்ததும் அச்சாகாமல் கிடந்தவற்றை நண்பர்கள்தான் அச்சுக்குக் கொண்டுபோனார்கள். அவர் தனியாக இருந்திருந்தால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இன்னொரு ஆளைச் சொல்கிறேன். டான் ஷெக்ட்மன், இஸ்ரேலிய விஞ்ஞானி. 1982 ஏப்ரலில் ஒரு அலுமினிய உலோகக் கலவையை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கிறார். படிகத்தில் வரவே கூடாது என்று பாடநூல்கள் சொல்லும் சமச்சீர் தெரிகிறது. ஆய்வுக் குழுவின் தலைவர் அவரிடம் ஒரு பாடநூலைக் கொடுத்து இதைப் படி என்றார். பிறகு குழுவை விட்டே போகச் சொல்லிவிட்டார். லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், கடைசிவரை ஏற்கவில்லை. 1994இல் இறக்கும்வரை எதிர்த்தார். 2011இல் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இதைத் தனிமனித வீரகாவியமாகச் சொல்வது வழக்கம். ஆனால் முதலில் இலான் பிளெக் என்ற சக ஆய்வாளர் அவரை நம்பி விளக்கம் தேட உட்கார்ந்தார். 1984 கட்டுரையில் அவரோடு ஜான் கான், டெனிஸ் கிராஷியாஸ் பெயர்களும் இருக்கின்றன. இரண்டாவது ஆள் வந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

பாலிங் பக்கத்தையும் பாருங்கள். ஊரெல்லாம் எதிர்த்தபோதும் தன் மூளையை நம்பியே பெரிய ஆளானவர் அவர். அதே பழக்கம்தான் வைட்டமின் சி எல்லாவற்றையும் குணமாக்கும் என்ற பக்கம் இழுத்துப்போனது. படிக விஷயத்திலும் அதுவே தடுத்தது. சுயசிந்தனை ஒரு தகுதிச் சான்றிதழ் இல்லை. தனியாக நின்று தப்பாக இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் பெயர் நமக்குத் தெரிவதில்லை.

எதிர்க்காற்று

நண்பர் வட்டம் குழு ஆகிவிடுமா? அதில் யாரும் யாரையும் விலக்கி வைக்கவில்லையே.

தராசுமுள்

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இந்த ஒரு வரி. 'குழுவா தனியா' என்று கேட்பதைவிட, 'ஒத்துக்கொள்ளாதவர் என்ன விலை கொடுக்கிறார்' என்று கேட்டால் குழுக்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

வாசலோரம்

பாதுகாப்புப் பொறியியல் துறையில் இருக்கிறேன். எங்களுக்கு இந்த விவாதம் தத்துவம் இல்லை. 1986 ஜனவரி 27 இரவைப் பாடமாகவே படிக்கிறோம்.

சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். குளிர். உந்துகலத்தைச் செய்த மோர்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஜோலியும் மற்றவர்களும், ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக மூடாது, சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு எரிச்சலடைந்தது. நிறுவனம் கொஞ்ச நேரம் இணைப்பைத் துண்டித்துத் தனியாகப் பேசியது. அப்போது பொறியியல் துணைத்தலைவரிடம் மேலதிகாரி சொன்னார்: பொறியாளர் தொப்பியைக் கழற்று, நிர்வாகி தொப்பியைப் போடு. நாலு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். இணைப்பு திரும்பியபோது 'ஏவலாம்' என்றார்கள். மறுநாள் கிளம்பிய 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்தத் தொப்பி வாக்கியத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவரிடம் யாரும் கருத்தை மாற்றிக்கொள் என்று சொல்லவில்லை. நீ எந்தக் குழுவின் ஆள் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்கள். கருத்து தானாக மாறியது.

இன்னொன்றும் நடந்தது. வழக்கமாகப் பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவ முடியும். அன்றைக்கு ஆபத்தானது என்று நிரூபிக்கச் சொன்னார்கள். பொறியாளர்களிடம் முழு ஆதாரம் இல்லை. எந்தக் கூட்டத்திலும் இதைக் கவனியுங்கள்: எதிர்ப்பவரிடம் மட்டும் ஆதாரம் கேட்கிறார்களா?

பாய்ஜோலி பிறகு விசாரணை ஆணையத்தில் உள்ளதைச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் ஒதுக்கினார்கள். வேலையை விட்டார். உண்மை அவர் பக்கம் என்று உலகத்துக்கே தெரிந்த பிறகும் இதுதான் நடந்தது. எனவே "சரியாக இருந்தால் கடைசியில் மதிப்பார்கள்" என்று நடுப்பக்கத்துக்கு யாரும் சொல்லிவிடாதீர்கள்.

நெறியாளர்

வைட்டமின் சி பற்றிய பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்போடு இருங்கள்.

பழைய_மாணவி

வாசலோரம் சொன்ன ஒதுக்கலுக்கு ஆய்வுப் பெயரே உண்டு, 'கருப்பு ஆடு விளைவு'. ஹோசே மார்க்கெஸும் அவர் சகாக்களும் 1988இல் எழுதினார்கள். ஒரே தப்பை வெளியாள் செய்தால் கொஞ்சம் கோபம், நம் ஆள் செய்தால் பல மடங்கு கோபம். எதிரியைவிடத் துரோகி மேல் வெறுப்பு அதிகம் என்பது நமக்குப் புதிதில்லை.

ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. டொமினிக் பாக்கர் என்பவரின் வாதம் இது: குழுவில் மேலோட்டமாக ஒட்டியிருப்பவர்கள் பிடிக்காவிட்டால் பேசாமல் கழன்றுவிடுகிறார்கள். குழுவின்மேல் நிஜமாகவே பிடிப்பு உள்ளவர்கள்தான், அது தனக்கே கேடு செய்துகொள்கிறது என்று தோன்றும்போது வாயைத் திறக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நடுப்பக்கத்தின் கேள்வியில் இருக்கும் 'ஈடுபாடு', 'விலகி யோசிப்பது' இரண்டும் எதிரெதிர் அல்ல. முதலாவது இருப்பதால்தான் இரண்டாவது வலிக்கிறது.

காரணம்கேள்

எல்லாக் குழுவிலும் ஒருவரை எதிர்வாதம் பேச நியமித்துவிட்டால் என்ன? யாருக்கும் பகை வராது. கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு எதிராக வாதிட ஒரு பதவியே இருந்ததே.

வாசலோரம்

நாங்கள் செய்து பார்த்தோம். சடங்காகிவிட்டது. "சரி, எதிர்வாதம் கேட்டாயிற்று, கையெழுத்துப் போடலாம்" என்பார்கள்.

பழைய_மாணவி

உளவியலாளர் சார்லன் நெமத்தின் ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. நடிப்புக்கு எதிர்ப்பவரைவிட நிஜமாகவே ஒத்துக்கொள்ளாதவர் இருக்கும்போதுதான் கூட்டம் கூடுதலாக யோசிக்கிறது. அவர் சொல்வது தப்பாக இருந்தால்கூட.

ஆனால் நடைமுறை விதிகள் மாறினால் அதே ஆட்களே வேறு மாதிரி நடக்கிறார்கள் என்பதற்குக் கென்னடி அரசு உதாரணம். 1961இல் காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க, நாடு விட்டு வந்த கியூபர்களைக் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறக்கும் திட்டம். ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்கு அது பிடிக்கவில்லை. குறிப்பு எழுதிக் கொடுத்தார், ஆனால் கூட்டங்களில் பேசவில்லை. குடியரசுத் தலைவரின் தம்பி ராபர்ட் கென்னடி அவரை ஒரு விருந்தில் ஓரமாக அழைத்து, அண்ணன் முடிவு செய்துவிட்டார், இனி அழுத்தாதே என்றார். சுமார் 1,400 பேர் இறங்கினார்கள், பெரும்பாலானோர் பிடிபட்டார்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்து ஏவுகணை நெருக்கடி. கிட்டத்தட்ட அதே ஆட்கள். இம்முறை கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. வெளியாட்களை அழைத்தார்கள். சிறு பிரிவுகளாகப் பிரிந்து தனித்தனித் திட்டம் எழுதி ஒன்றையொன்று கிழித்தார்கள். எல்லாவற்றையும் குடைந்து கேள்வி கேட்டது யார் தெரியுமா? ஷ்லெசிங்கரின் வாயை அடைத்த அதே தம்பிதான்.

நடுப்பக்கம்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆனால் நான் கென்னடி இல்லை. கூட்டத்தின் விதிகளை மாற்றும் இடத்தில் இல்லை. மூலையில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வது?

தராசுமுள்

எட்வின் ஹொலாண்டர் என்பவர் 1958இல் ஒரு கருத்தைச் சொன்னார். குழுவோடு ஒத்துப்போய், உழைத்து, மதிப்பைச் சேர்த்துக்கொண்டவருக்குத்தான் மாறிப் பேச இடம் கிடைக்கும். வந்த முதல் நாளே எதிர்ப்பவர் பேச்சு எடுபடாது. நீங்கள் பல வருடம் இருந்திருக்கிறீர்கள், மதிப்பு சேர்ந்திருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சேர்த்தவர்கள் அதைச் செலவழிப்பதே இல்லை. இன்னும் கொஞ்சம் பெரிய பொறுப்பு வரட்டும், அப்போது பேசுகிறேன் என்று தள்ளிப்போட்டு, பொறுப்பு வரும்போது இழக்க நிறைய இருக்கும்.

பழைய_மாணவி

பேசினால் ஒரே மாதிரி பேசுங்கள். உளவியலாளர் மொஸ்கோவிசியின் 1969 சோதனையில், நீல நிறத்தைப் பச்சை என்று சொல்லும் இரண்டு பேர் நாலு பேரை எதிர்கொண்டார்கள். இருவரும் மாறாமல் சொன்னபோது மற்றவர்கள் பதில்களில் 8 சதவீதம் அளவுக்குப் பச்சை வந்தது. சில சமயம் பச்சை, சில சமயம் நீலம் என்றபோது அது 1 சதவீதச் சொச்சமாகக் குறைந்தது. சின்ன எண்தான். பொய்யான நிறத்துக்கே அவ்வளவு.

ஆஷ் சோதனையில் இன்னொன்றும் உண்டு. துணையாள் பாதியில் பெரும்பான்மைப் பக்கம் தாவினால், நம் ஆள் மறுபடி வளைய ஆரம்பித்தார். ஏதோ வேலை என்று அவர் அறையை விட்டு எழுந்து போனால், அவர் தந்த தைரியம் ஓரளவு மிச்சமிருந்தது. எதிர்க்காற்று கவனிக்க: வெளியேறுவதும் எதிர்முகாமில் போய் உட்காருவதும் உள்ளே மிச்சமிருப்பவருக்கு ஒன்றல்ல.

எதிர்க்காற்று

கவனித்தேன். நான் எந்த முகாமிலும் உட்காரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

நடுப்பக்கம்

அப்படியானால் இப்படிச் செய்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால், எனக்கு நம்பிக்கையுள்ள இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகப் பார்த்து, "இந்த நிலைப்பாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது" என்று கேட்கப்போகிறேன்.

பழைய_மாணவி

அப்படிக் கேட்டால் குழுவின் பதிலைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கும் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாதே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆஷின் துணையாள் தன் முறையை முன்னாலேயே முடித்திருந்ததால்தான் அடுத்து வந்தவருக்கு வாய் திறந்தது.

எதிர்க்காற்று

மூன்று பேருமே "நீ தப்பு" என்றால்?

நடுப்பக்கம்

காரணம் கேட்பேன். என் வாதத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து பார்ப்பேன், பாலிங் கதையைப் படித்த பிறகு அதைச் செய்யாமல் இருக்க முடியாது. அதற்கப்புறமும் கருத்து மாறாவிட்டால் கூட்டத்தில் பேசுவேன். மூன்று பேருக்காவது முன்பே தெரிந்திருக்கும்.